நாற்பது சன்னல் வீடும் ஒரு பிணைக் கையொப்பமும்

போன கிழமை எங்கள் பழைய நூலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் இப்போதைய நூலகர். நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது வேலைக்குச் சேர்ந்தவர். ஆங்கில அலுமாரியைக் கழிக்கப் போகிறார்களாம். அந்த இடத்தில் இரண்டு கணினி வைக்கப் போகிறார்களாம். எனக்கு அதில் மறுப்பில்லை. அந்த அலுமாரிப் புத்தகங்களை முழுதாக வாசித்த ஊழியன் நான் ஒருவன்தான். அதனால் எனக்கு விளைந்ததைப் பார்த்தால் அவற்றை முன்னமே கழித்திருக்கலாம்.

"ஒரு புத்தகத்தில மட்டும் சிக்கல் ஐயா," என்றார் அவர். "நாலு வருசம் பிந்தி வந்திருக்கு. தண்டமும் எழுதல்ல, தொலைஞ்சது எண்டும் எழுதல்ல. பதிவேட்டில 'நாள் ஓடவில்லை' எண்டு ஆரோ எழுதி ஒப்பம் வெச்சிருக்கிறாங்க. அது உங்கட எழுத்தும் இல்ல. கழிக்கிறதெண்டா விளக்கம் வேணும்."

"எழுதித் தாறன்," என்றேன்.

அரைப் பக்கம் எழுதினால் போதும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஓய்வு பெற்ற அரச ஊழியனிடம் விளக்கம் கேட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் இனித்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

இருபத்திரண்டு வயதில் நூலக உதவியாளனாகச் சேர்ந்தேன். எனக்கு மேலே இருந்தவர் காத்தான்குடி யூசுப் சேர். வெள்ளை முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் நீலம் ஒன்று சிவப்பு ஒன்று என இரண்டு பேனா. குரலை உயர்த்தியதே கிடையாது. நாம் பிழை விட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ பிழை அவ்வளவு பெரியது. முதல் மூன்று மாதமும் நான் செய்த வேலை, திகதித் தாள் ஒட்டுவதும் அவர் கண்ணாடி துடைப்பதைப் பார்ப்பதும்தான்.

புதுப் புத்தகத்தை அவர் வரவேற்கும் விதமே தனி. முதுகை மேசையில் ஊன்றி, முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் என்று இரண்டு பக்கமும் மாறி மாறி விரித்து, நடுவுக்கு வருவார். சட்டென்று நடுவில் பிளந்தால் முதுகு முறிந்துவிடும். பிறகு தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, கடைசிப் பக்கத்தில் ஒன்று, பதினேழாம் பக்கத்தில் ஒன்று. அந்தப் பதினேழாம் பக்கம் இரகசியம். களவு போன புத்தகத்தில் மற்ற இரண்டையும் கிழித்தாலும் இது காட்டிக் கொடுக்கும். எந்த நாட்டிலிருந்து எந்தப் புத்தகம் வந்தாலும் இன்றும் நான் முதலில் புரட்டுவது பதினேழாம் பக்கத்தைத்தான். மற்றவர்கள் நான் கதையை ரசிக்கிறேன் என்று நினைப்பார்கள்.

ஆங்கில அலுமாரி எங்களுக்குக் கொடையாக வந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு நீதவான் தன் மனைவியின் புத்தகங்களை விட்டுச் சென்றிருந்தார். நூறுக்குக் கிட்ட. அத்தனையும் பழைய ஆங்கிலக் காதல் நாவல்கள், குதிரை வண்டிக் காலத்துச் சங்கதி. ஒவ்வொன்றுக்கும் பட்டியல் அட்டையில் இரண்டு வரி கதைச்சுருக்கம் எழுதும்படி யூசுப் சேர் என்னைப் பணித்தார். அகராதியோடு உட்கார்ந்தேன். ஆறு வருடம் ஆயிற்று. அதற்குள் ஊரில் சண்டை தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கிவிட்டது.

அந்த நாவல்களில் நான் கற்றதைச் சொல்கிறேன். பெண்ணின் கண் என்ன நிறம் என்று தெரிய மூன்றாம் அத்தியாயம் வரை பொறுக்க வேண்டும். ஆணின் வருட வருமானம் அவன் வாசலில் கால் வைக்கும் முன்னமே தெரிந்துவிடும். மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் காதல் வரும். அழகாக நடனமாடுகிறவன் கெட்டவன். நல்லவனுக்கு நடனம் வராது, பேச்சு வராது, முகம் எப்போதும் கடுகடுப்பாக இருக்கும், ஆனால் பெரிய வீடு இருக்கும். முப்பத்தைந்து வயதில் நான் என்னைச் சோதித்துப் பார்த்தேன். நடனம் வராது. பேச்சு வராது. முகம் பிறந்ததிலிருந்தே கடுகடுப்பு. வீடும் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாயகர்கள் மாலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யோசனையோடு நடப்பார்கள். நானும் வாவிக் கரையில் அப்படி நடந்தேன். இரண்டாம் நாளே காவலரணில் நின்ற சிப்பாய் மறித்தான்.

"எங்க போறது?"

"எங்கேயும் இல்ல. சும்மா நடக்கிறன்."

"சும்மா ஏன்?"

எந்த நாவலிலும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. சண்டைக் காலத்தில் காரணமில்லாமல் நடப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று, இரண்டு மணித்தியாலம் மணலில் குந்தியிருந்தபோது விளங்கியது. யூசுப் சேர் வந்து, "இவர் நம்மட லைப்ரரி ஆள்" என்று சொல்லித்தான் என்னை மீட்டுக்கொண்டு போனார். அன்று அவர் கண்ணாடி துடைத்த நேரம் நான் அதுவரை கண்டதிலேயே நீளமானது.

"தம்பி," என்றார் கடைசியில், "அந்த வெள்ளைக்காரன் நடந்தது அவன்ட காணிக்குள்ள. இது உன்ட காணியா?"

அந்த வருடம்தான் தவமணி நூலகத்துக்கு வந்தாள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அவர்களுக்குக் கல்வீடு இருந்ததாம், எரிந்துபோயிற்று. தாயும் தங்கையும் அவளுமாகத் தோணியில் இக்கரைக்கு வந்து ஒரு சொந்தக்காரர் வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்தியில் இருந்தார்கள். முப்பது வயது. தையல் வேலை செய்தாள். பேசும்போது எதிரே இருப்பவரின் தோள் அகலத்தைக் கண்ணால் அளப்பாள்.

அவளுக்கு நூலக அங்கத்துவம் வேண்டும். படிவத்தில் பிணையாளர் பகுதி ஒன்று உண்டு. எங்கள் பிரதேச சபை எல்லைக்குள் சொந்த வீடு உள்ள ஒருவர் ஒப்பம் வைக்க வேண்டும். புத்தகம் வராவிட்டால் அவரைக் கேட்போம். இடம்பெயர்ந்து வந்தவளுக்கு யார் வைப்பார்? நான் கணமும் யோசிக்காமல் பேனாவை எடுத்தேன். பிணையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, சொந்த வீடு என்ற கட்டத்தில் சரி போட்டேன். ஆங்கில நாயகன் செய்யும் காரியம் ஒன்றைச் செய்த திருப்தியில் முகத்தை இன்னும் கொஞ்சம் கடுகடுப்பாக்கினேன்.

யூசுப் சேர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அந்த வீட்டு வரித் துண்டு ஆர்ட பேரில வருகுது?"

"தங்கச்சிட பேரில சேர்."

"அப்ப நீ ஆரு?"

"அண்ணன்."

"நான் உறவு கேக்கல்ல தம்பி. பிணைக்கு நீ ஆரு எண்டு கேக்கிறன்."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்கு. கலியாணம் கட்டும்போது வீட்டை மகளுக்கு எழுதுவார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வான். என் தங்கை வசந்திக்குக் கலியாணமானபோது எங்கள் வீடு அவள் பெயருக்குப் போனது. அம்மா, அப்பா போன பிறகு நான் முன்னறையில் இருந்தேன், அவ்வளவுதான். எங்கள் பிணைப் பதிவேட்டைப் புரட்டினால் முக்கால்வாசி ஒப்பமும் பெண்களுடையது. தினமும் அந்தப் பதிவேட்டைத் தூக்கி வைத்த எனக்கே அது மறந்துபோயிருந்தது. நூறு ஆங்கில நாவல்கள் செய்த வேலை. தவமணி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வசந்தி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ட வீட்டக் காட்டி ஆருக்கண்ணன் கதைப் புத்தகம் குடுக்கப் போறீங்க?"

"ஒரு அங்கத்தவருக்கு."

"அங்கத்தவருக்கு எத்தின வயசு?"

பேனாவை நீட்டினேன். அவள் சுளகை வைத்துவிட்டு ஒப்பம் போட்டாள். தவமணி நானூற்றுப் பதினேழாம் இலக்க அங்கத்தவரானாள்.

ஏழெட்டு மாதத்தில் தமிழ்ப் புத்தகம் முழுவதையும் வாசித்து முடித்துவிட்டாள். பட்டினத்திலிருந்து புதிய புத்தகம் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது.

"இனி என்ன சேர் இரிக்கு?"

"இங்கிலிஸ் அலுமாரிதான்."

"அதில என்ன இரிக்கு?"

"காதல்," என்று சொல்லிவிட்டு, உடனே திகதி முத்திரையை மை ஒற்றியில் வைத்து அழுத்தினேன். முத்திரையில் ஏற்கெனவே மை இருந்தது.

"அப்ப சொல்லுங்க, கேப்பம்," என்றாள்.

இப்படித்தான் செவ்வாய், வெள்ளி காலை பத்து மணிக்குப் பெண்கள் மேசையில் நான் கதை சொல்லத் தொடங்கினேன். தவமணியோடு இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் வாய் பெரியவர் இராசம்மாக்கா, ஓய்வு பெற்ற மருத்துவிச்சி. ஊரில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் என்பதால் யாருடைய காதலிலும் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆங்கிலப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. ஆகவே எல்லாக் கதாநாயகியும் மேரி, எல்லாக் கதாநாயகனும் துரை என்று முடிவாயிற்று.

"துரைக்கு வருசத்துக்கு ஐயாயிரம் பவுண்," என்பேன்.

"நெல்லில சொல்லு தம்பி. எத்தின அவணம்?"

அவணக் கணக்கில் மாற்றினேன். எனக்கும் அந்தக் கணக்கு சரியாகத் தெரியாது. நான் சொன்ன அளவு நெல் விளைய எங்கள் பக்கத்து வயல் வட்டைகள் முழுவதையும் சேர்த்தாலும் போதாது என்று இராசம்மாக்கா கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு துரையை அவர் நம்பவேயில்லை.

நான் சொன்ன கடைசிக் கதைதான் இந்த விளக்கத்துக்குக் காரணமான புத்தகம். மேரி, கடனில் அழிந்துபோன ஒரு கப்பல்காரனின் மகள். வீடு போய்விட்டது. ஒரு பணக்காரக் கிழவிக்குத் துணையாக வேலைக்கு வருகிறாள். கிழவியின் தம்பி மகன்தான் துரை. குன்றின் மேல் அவனுக்கு நாற்பது சன்னல் வைத்த கல்வீடு.

"நாப்பது சன்னலையும் ஆர் துடைக்கிற?" என்றார் இராசம்மாக்கா.

"வேலைக்காரர் இருக்கிறாங்க அக்கா."

"துரைக்குக் கூடப்பிறந்த பொம்புளைப் புள்ள இல்லையா?"

"ரெண்டு அக்கா இருக்கிறாங்க."

"அப்ப வீடெப்பிடித் துரைக்கு?"

அங்கே வீடு மூத்த ஆண் பிள்ளைக்குத்தான் என்று விளக்கினேன்.

"பொம்புளைப் புள்ளையளத் தெருவில விட்டுட்டு ஆம்புளைக்கு வீடெழுதிற ஊரும் ஒரு ஊரா?" என்றார் இராசம்மாக்கா. "அதுதான் அங்கத்தப் பெட்டையள் மழைக்க நனையிறாளுகள்."

நான் ஆறு வருடம் அகராதியோடு மண்டையை உடைத்து விளங்கிக்கொண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். மேரிக்கு வீடில்லை என்று நான் சொன்ன நாளிலிருந்து தவமணி கதை கேட்கும் விதம் மாறியிருந்தது. தைக்கக் கொண்டுவந்த துணியை மடியில் வைத்தபடி, ஊசி கோர்க்காமல் இருந்தாள்.

இதற்கிடையில் நிலைமை மோசமாகி, காத்தான்குடிப் பாதை அடைபட்டது. யூசுப் சேர் வரமுடியாமல் போனார். கடைசியாக வந்த நாள் ஓர் அப்பியாசக் கொப்பியை என் கையில் தந்தார். ஊரடங்கும் பாதை மூடலுமாக இருந்த நாட்களைத் திகதி திகதியாக அதில் குறித்து வைத்திருந்தார். அந்த நாட்களைப் பிந்திய நாட்களாக எண்ணக் கூடாது என்பது அவர் விதி. "ஆள் வர ஏலாத நாள் நாளே இல்ல தம்பி," என்பார். எந்தச் சுற்றறிக்கையிலும் அந்த விதி இல்லை. நாலு தமிழ் ஊருக்கும் இரண்டு முஸ்லிம் ஊருக்கும் நடுவே ஒரு நூலகம் நடத்தியவர் தானாக உண்டாக்கியது.

அவர் போன மறு மாதம் தவமணி கடவுச்சீட்டுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகப் போகிறாள். இரண்டு பிள்ளைகளுக்கும் வீடு கட்டித் தரத் தாயால் முடியாது. மூத்தவள் போய் உழைத்து, தனக்கும் தங்கைக்கும் கூரை போட வேண்டும். அப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அப்படித்தான் போனார்கள். சிலர் வீடு கட்டினார்கள், சிலர் திரும்பவேயில்லை. அவள் போய்விட்டால் செவ்வாயும் வெள்ளியும் எனக்கு எதற்கு என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் என் முப்பத்தேழு வருட சேவையில் நான் செய்த ஒரே மோசடியைச் செய்தேன். நாவலில் துரை மேரியிடம் கேட்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். வெறுங்கையோடு வந்து உன் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடல் கடந்து வேறு நாட்டுக்குப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிறாள். முதல் நாள் மத்தியானம் அந்த அத்தியாயத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இதைக் கேட்டால் தவமணிக்குப் போகத் தைரியம் வந்துவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை, துரை கேட்டான், மேரி உடனே சம்மதித்தாள், நாற்பது சன்னல் வீட்டுக்குப் போனாள், சுகமாக வாழ்ந்தாள், கதை முடிந்தது என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

"அவ்வளவுதானா?" என்றார் இராசம்மாக்கா. "வீட்டுக்குக் கூப்பிட்ட உடனே போய்க் குந்திட்டாளா? ரோசங்கெட்டவள்." எழும்பி அலுமாரிப் பக்கம் போய்விட்டார்.

மற்றவர்களும் போனார்கள். தவமணி இருந்தாள். நான் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டி, முகத்தைக் கடுமையாக்கி, மூன்று நாளாக மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்.

"எனது இல்லத்தின் வாசல் உங்களுக்காகத் திறந்திருக்கிறது. நீங்கள் கடல் கடந்து போகத் தேவையில்லை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆர்ட வீடு சேர்? வசந்தியக்காட வீடா?"

அலுமாரிக்குப் பின்னாலிருந்து இராசம்மாக்காவின் சிரிப்புக் கேட்டது. ஒரே பிழையை இரண்டாம் தரமும் செய்திருந்தேன். முதல் தரமாவது படிவத்தில்.

"எனக்கு வீடில்ல," என்றாள் தவமணி, மெதுவாக. "வீடில்லாம உங்களக் கூப்பிட எனக்கு ஏலா. நான் போய்க் கட்டிட்டு வாறன்." பிறகு நான் மூடிவைத்த புத்தகத்தைக் கையில் எடுத்தாள். "இதப் பதிஞ்சு தாங்க."

"இது இங்கிலிஸ்."

"தெரியும். நீங்க கதைய முடிச்சிட்டீங்க. புத்தகத்தில ஒரு விரல் மொத்தத்துக்குப் பக்கம் மிச்சம் கிடக்கு."

தையல்காரியின் கண். பதினான்கு நாளுக்கு முத்திரை குத்தினேன். திகதி சரிந்து விழுந்தது. சந்தேகமிருந்தால் இப்போதைய நூலகர் திகதித் தாளைப் பார்க்கலாம். இராசம்மாக்கா விடைபெறும்போது என் தோளில் தட்டி, "பின்னால கை கட்டின முதுகு மட்டும் துரை மாதிரித்தான் இரிக்கு தம்பி," என்றார்.

மறுக்கப்பட்டவனாக வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். மழையில் நனைந்து காய்ச்சல் வருவிக்கலாம் என்று பார்த்தால் அது பங்குனி. மூன்றாம் நாள் வசந்தி விசாரித்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணன், உங்களுக்கு விசரா? 'உங்களக் கூப்பிட' எண்டெல்லோ சொல்லியிருக்கா. வீடு கட்டிட்டு வந்து உங்களக் கலியாணத்துக்குக் கூப்பிடப் போறா. எந்த ஊர்ப் பொம்புளை இதுக்கு மேல சொல்லுவாள்?"

ஓடிப்போனேன். அவள் முதல் நாளே கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டிருந்தாள்.

இரண்டு வருடம் கடிதம் வந்தது. ஒரு டொக்டர் வீட்டில் வேலை, மூன்று பிள்ளைகள், தங்கைக்கு வீடு கட்டக் காசு அனுப்புகிறாள். தங்கைக்கு வீடு முடிந்து கலியாணமும் நடந்தது. இன்னும் இரண்டு வருடம் இருப்பதாக எழுதினாள். அதற்குப் பிறகு கடிதம் நின்றுவிட்டது. அவளிடமிருந்து தாய்க்கும் எதுவும் வரவில்லை. நான் தபாற்கந்தோருக்குப் போய் நிற்பேன். தபாற்காரர் என்னைக் கண்டதும் இல்லை என்று தலையாட்டிவிட்டுத்தான் மற்றவர்களின் கடிதங்களைப் பிரிப்பார்.

கடிதம் நின்று பதினொரு மாதம் ஆனபோது வருட இருப்புச் சோதனை வந்தது. பாதை ஓரளவு திறந்திருந்ததால் யூசுப் சேரே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் பட்டியலை வாசிக்க, நான் புத்தகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஆங்கில அலுமாரியில் ஓரிடத்தில் என் கை நின்றது.

"இது?"

"இரவலில சேர்."

"எவ்வளவு காலம்?"

"மூண்டு வருசமாகுது."

"ஒரு வருசத்துக்கு மேல போனா என்ன எழுதணும்?"

"'தொலைந்தது' எண்டு எழுதிப் பிணையாளரக் கேக்கணும்."

"எழுது."

பேனாவைக் கையில் வைத்தபடி நின்றேன். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் எத்தனை பெயருக்கு நேரே 'காணவில்லை' என்று எழுதப்பட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் குடும்பத்திலும் அப்படி ஒரு படிவம் நிரப்பியிருந்தார்கள். ஒரு புத்தகத்துக்கு எழுதுகிறோம், ஆளுக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கை ஓடவில்லை. பதினேழு வருட சேவையில் அவர் சொல்லை நான் மீறியது அன்றுதான்.

"ஏலா சேர்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நானூத்திப் பதினேழு. அந்தத் தையல் புள்ளையா?"

"ஓம் சேர்."

"கடிதம் வருகுதா?"

"இல்ல."

பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "அந்தக் கொப்பியக் கொண்டா," என்றார். பாதை மூடிய நாட்கள் குறித்த கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கம்வரை விரலால் தடவிக்கொண்டு போனார்.

"அவ இரிக்கிற இடத்துக்கும் நம்மட லைப்ரரிக்கும் பாதை திறந்திரிக்கா தம்பி?"

"இல்ல சேர்."

"அப்ப நாள் ஓடல்ல," என்றார். நீலப் பேனாவை எடுத்து, என் கையில் தராமல், தானே பதிவேட்டில் எழுதி ஒப்பம் வைத்தார். பிறகு பட்டியலில் அடுத்த இலக்கத்தை வாசித்தார். நான் அடுத்த புத்தகத்தைத் தொட்டுக் காட்டினேன். கண் கலங்கியதில் தொட்டது பிழையான புத்தகம். அவர் அதைத் திருத்தவில்லை.

அடுத்த வருடம், அமிர்தகழிக் கோயிலில் ஆடித் தீர்த்தம் முடிந்த கிழமை, ஒரு காலை நேரம். பழுப்புத் தாளில் சுற்றிய பொதி ஒன்று என் மேசையில் வைக்கப்பட்டது. நிமிர்ந்தேன். தவமணி. கறுத்து, மெலிந்து, ஒரு கண்ணாடியும் போட்டிருந்தாள்.

"பிந்திட்டு சேர்," என்றாள்.

முத்திரையைத் தேடுவது போல் மேசையைக் கிளறினேன். அது என் முன்னாலேயே இருந்தது. கடைசி ஒப்பந்தத்தில் வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்களாம், அங்கே கடிதம் எழுத விடவில்லையாம். அதை இரண்டு வரியில் சொன்னாள். அங்கே நடந்தவற்றை அதற்கு மேல் இன்றுவரை அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பிறகு பொதியைப் பிரித்தாள்.

"டொக்டர் வீட்டுப் புள்ளையள்ட அகராதிய வெச்சு வாசிச்சன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். நீங்க சொன்ன முடிவு இதில இல்ல."

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

"அவ போறா சேர். நாலு பனிக்காலம் உழைக்கிறா. திரும்பி வந்து ஒரு சின்ன வீடு வாங்கிறா, நாலு சன்னல் வெச்சது. துரைட நாப்பது சன்னல் வீடு வழக்கில போயிடுது. அவன் நடந்து வந்து இவட கதவத் தட்டுறான். நம்மட ஊர் மாதிரி." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். "இத ஏன் எனக்குச் சொல்லல்ல? அங்க முதல் நாளிலிருந்தே இது எனக்கு உதவியிருக்கும்."

அந்த நாவலை நான் முழுதாக வாசித்தவன்தான். அவள் புறப்பட்டுப் போவதுதான் என் கண்ணில் பட்டது. திரும்பி வருகிறாள் என்பது பயத்தில் படவேயில்லை. இலக்கிய அறிவு, ஆங்கிலப் புலமை என்று ஊரில் எனக்கிருந்த பேரெல்லாம் அந்த ஒரு கேள்வியில் முடிந்தது.

"மன்னிச்சுக்க தவமணி," என்றேன். மனப்பாடம் செய்யாத முதல் வார்த்தை.

"கொண்டு வந்த காசில தேற்றாத்தீவில காணி பேசியாச்சி," என்றாள். "அடுத்த மாசம் அத்திவாரம் போடுறன். மூண்டு சன்னல்தான் ஏலும்."

அடுத்த வருட ஆவணியில் கலியாணம். நான் ஒரு சூட்கேசோடு அவள் வீட்டுக்குப் போனேன். வசந்தி முன்னறையைக் கழுவி, மறுநாளே அதில் நெல் மூட்டை அடுக்கினாள். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்த யூசுப் சேர் மணமக்களை வாழ்த்தும் முன் சுவரைத் தட்டிப் பார்த்து, "வரித் துண்டு ஆர்ட பேரில?" என்று கேட்டார்.

ஆகவே நூலகர் அவர்களுக்கு: அந்தப் புத்தகம் பிந்தி வரவில்லை. யூசுப் சேர் இன்று இல்லை, ஆனால் அவர் ஒப்பம் செல்லும். மற்றப் புத்தகங்களைத் தாராளமாகக் கழியுங்கள். இதை மட்டும் இன்னும் ஒரு தரம் இரவல் தர முடியுமா என்று கேட்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு ஊழியர் சலுகை கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதனால் அங்கத்துவப் படிவம் நிரப்பி இத்துடன் இணைத்திருக்கிறேன். சொந்த வீடு என்ற கட்டத்தில் இம்முறை நான் கை வைக்கவில்லை. பிணையாளர் பகுதியில் பெயருக்குப் பக்கத்தில் 'மனைவி' என்று எழுதினேன். தவமணி வாசித்துவிட்டு, "அவங்க உறவு கேக்கல்ல சேர்" என்று சொல்லி, அதை வெட்டி, 'வீட்டு உரிமையாளர்' என்று எழுதினாள்.

ஒப்பம் வைக்கப் பேனாவை எடுத்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இந்த முறை கடைசிப் பக்கம் வரைக்கும் எனக்கு வாசிச்சுக் காட்டுவீங்களா?"

காட்டுவேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் வைத்தாள்.